கொத்தனாரின் கல்வித் தகுதி

சென்ற வருஷம் ஐப்பசி மழையில் நமது பள்ளிக்கூடத்து மதில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. மழை ஓய்ந்த பிறகு அதைத் தூக்கி நிறுத்த ஒரு கொத்தனாரும் ஒரு பெரியாளும் இரண்டு சித்தாட்களும் வந்து சேர்ந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே வேலை. உள்ளே நாம் கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணத்தை வரைந்து, கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களுடைய கூடுதலுக்குச் சமம் என்பதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளைகளில் பாதிப் பேருடைய கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நமக்குக் கோபம் வந்தது. அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று நாமும் எட்டிப் பார்த்தோம்.

மதில் திரும்பும் மூலையில் கொத்தனார் முளை அடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி அளந்து ஓர் அடையாளம் வைத்தார். மற்றொரு நூலில் 4 அடி அளந்து இன்னோர் அடையாளம். பிறகு இந்த அடையாளத்திலிருந்து அந்த அடையாளத்துக்கு டேப்பைப் பிடித்தார். 5 அடிக்கு ஓர் அங்குலம் குறைந்தது. இரண்டாவது நூலைச் சற்றே விலக்கிக் கட்டி, மறுபடியும் பிடித்தார். சரியாக 5 அடி.

"மூலை ஒத்துப் போச்சு, கல்லை எடும்மா" என்றார்.

3-இன் வர்க்கம் 9, 4-இன் வர்க்கம் 16, கூட்டினால் 25. நாம் நாற்பது நிமிஷமாகச் சொல்லி ஏறாத விஷயம் அங்கே அரை நிமிஷத்தில் நடந்து முடிந்துவிட்டது. நம் தேசத்தில் வேள்விக்குச் செங்கல் அடுக்கியவர்களும் இதை அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சுல்ப சூத்திரங்கள் சாட்சி. அவர்களும் இதை முதலில் கயிற்றில்தான் கண்டிருக்க வேண்டும்.

மாலையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தோம். "எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டோம். இத்தனை வருஷம் உபாத்தியாயராக இருந்தவனுக்கு வேறு கேள்வி வாயில் வருமா?

"படிப்பா? மூணாங் கிளாஸோட நின்னு போச்சு, ஸார். பன்னெண்டு வயசிலே மாமா கூட வேலைக்குப் போயிட்டேன்" என்றார் அவர். அந்தப் பதிலில் வெட்கம் கலந்திருந்தது. அதைக் கேட்ட நமக்குத்தான் அதிக வெட்கமாயிருந்தது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி "உங்களுக்கு என்ன தெரியும்?" என்பதல்லவா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வித்தியாசந்தான் இன்று தேசத்தின் கல்விக் கொள்கையில் ஒரு முக்கியமான விஷயமாக வந்து நிற்கிறது. பள்ளிக்கு வெளியே, பட்டறையிலும் வயலிலும் கட்டிட வேலையிலும் பெரியவர்கள் கற்றுத் தேர்ந்ததைச் சோதித்துப் பார்த்து, அதுவும் கல்விதான் என்று சர்க்கார் முத்திரையிட்டுக் கொடுப்பது என்பதே அந்த விஷயம். 'முன் கற்றலை அங்கீகரித்தல்' என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். பெயர் கரடுமுரடாக இருக்கிறது. விஷயம் என்னவோ நியாயமானது.

புதியது என்று சொல்வதற்குமில்லை. 1880-ஆம் வருஷத்தில் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் வேலையிலிருந்து விலகியபோது, தம்முடைய இடத்துக்கு ஓர் இளைஞரைச் சிபாரிசு செய்தார். அந்த இளைஞர் ஒரு காலேஜிலும் படித்தவரல்லர். சர்வகலாசாலைப் பரீட்சை ஒன்றும் தேறியவரல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடியில் அமர்ந்து பாடங் கேட்டவர், அவ்வளவே. அவருக்கு என்ன தெரியும் என்று அங்கிருந்தவர்கள் விசாரித்துப் பார்த்தார்கள், வேலையைக் கொடுத்தார்கள். அவர்தாம் உ. வே. சாமிநாதையர். சங்க நூல்கள் அச்சேறி நம் கைக்கு வந்த வரலாற்றில் அந்தச் சிபாரிசுக்கு எவ்வளவு பங்கு உண்டென்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது 1932-இல். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.

அதே கும்பகோணம் காலேஜில் 1904-இல் ஒரு மாணாக்கர் சேர்ந்தார். கணக்கில் அவருக்கு நிகர் இல்லை. மற்றப் பாடங்களில் கவனமில்லை; உபகாரச் சம்பளம் போயிற்று; பரீட்சையும் போயிற்று. பின்னர் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக அமர்ந்தார். இங்கிலாந்திலிருந்து ஹார்டியின் கடிதம் வந்த பிறகு, 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை, பட்டம் பெறாத அந்த ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்க முன்வந்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1916-இல் பட்டமும் கொடுத்தது.

இவ்விரண்டையும் எடுத்துச் சொல்லிப் பெருமைப்படுவது நமக்கெல்லாம் வழக்கம். பெருமை நியாயந்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் விதி மாறவில்லை. ஒரு மகா மேதைக்காக விதி ஒருமுறை வளைந்து கொடுத்து, பிறகு பழையபடி நிமிர்ந்து நின்றுகொண்டது. கொத்தனாருக்காக எந்த ஹார்டி கடிதம் எழுதப் போகிறார்? மேதைகளுக்குச் சலுகை போதும். சாமானியர்களுக்குச் சட்டம் வேண்டும்.

* * *

சட்டம் இல்லாமலில்லை. 2013-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மத்திய சர்க்கார் தொழிற் கல்விக்கென்று ஒரு தேசியத் தகுதிச் சட்டகத்தை அறிவித்தது. தொழில் அறிவை அதில் அப்போது 10 படிகளாக வகுத்தார்கள். இன்ன படியில் இருப்பவனுக்கு இன்ன இன்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே கணக்கு. எங்கே கற்றான் என்பதன்று. 2015 ஜூலையில் தொடங்கிய பிரதம மந்திரியின் தொழில் திறன் திட்டத்தில், முன் கற்றதைச் சோதித்துப் பத்திரம் அளிக்கும் வேலையும் சேர்க்கப்பட்டது. 2020-இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை இதைத் தெளிவாகவே கூறுகிறது. பள்ளியை விட்டு நின்றுபோனவர்களின் அநுபவத்தைத் தகுதிச் சட்டகத்தின் உரிய படியோடு பொருத்தி, அவர்களை மறுபடியும் முறையான கல்விக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அதன் கருத்து. அந்தக் கொள்கையின் மொழி விஷயத்தில் நம் மாநிலத்துக்கு உள்ள மாறுபாடு ஊரறிந்தது. அதற்குள் நாம் இப்போது போகவில்லை. இந்த ஓர் அம்சம் மட்டும், எந்தச் சர்க்கார் எந்தக் கொள்கை வகுத்தாலும் இருந்தாக வேண்டியது என்பது நமது அபிப்பிராயம். பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 19 வயது முதல் 24 வயது வரையுள்ள தொழிலாளரில் முறையான தொழிற் கல்வி பெற்றவர் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை என்று அதே கொள்கை ஒப்புக்கொள்கிறது. தென் கொரியாவில் 96 பேராம். நமது தேசத்து மாளிகைகளையும் பாலங்களையும் கட்டியவர்கள் அந்த ஐந்து பேர் மட்டுமா? மற்றத் தொண்ணூற்றைந்து பேரும் எங்கோ, யாரிடமோ கற்றுத்தானே இருக்கிறார்கள்?

நடைமுறையில் என்ன நடந்தது? 2016 முதல் 2020 வரை நடந்த இரண்டாம் கட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு 12 மணி நேரம் ஒதுக்கினார்கள். 6 மணி தொழில் விஷயம். 4 மணி நடை, பேச்சு, சுயதொழில் முதலியன. மீதி 2 மணி, பரீட்சை எப்படி இருக்கும் என்று தெரிவிப்பது. பிறகு பரீட்சை. தேறியவருக்குப் பத்திரமும் 500 ரூபாயும். முகாம் போட்டும் நடத்தினார்கள்; முதலாளியின் வேலைத்தலத்துக்கே போயும் நடத்தினார்கள். வேலைத்தலத்துக்கே போனதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். கொத்தனாரை நாற்காலியில் உட்கார வைத்துச் சோதிப்பது மீனைக் கரையில் போட்டு நீந்தச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆயினும் முப்பது வருஷக் கைவேலையை ஒன்றரை நாளில் அளந்து முடித்துவிட்டால், அளந்தவருக்கே அதில் நம்பிக்கை இராது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அதற்கு மேல் நேரமில்லை என்பது அதிகாரிகள் சொல்லும் சமாதானம். உண்மைதான், ஆனால் நேரம் இல்லாமற் போவது கூலி போய்விடுமே என்பதனால்தானே? ஒரு கொத்தனாரின் இன்றைய ஒரு நாட்கூலி 500 ரூபாய்க்கு மேல். நஷ்டப்பட்டுப் பரீட்சைக்கு வா என்று சொல்லிவிட்டு, வருகிறவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று குறை கூறுவது சரியாகுமா?

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று, நமது மதில் வேலைக்கு வந்த சித்தாட்களைப் பார்த்தபோதுதான் நமக்கு விளங்கிற்று. இருவரில் மூத்தவருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். இருபது வருஷமாகக் கலவைச் சட்டி சுமக்கிறவர். செங்கல் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு என்று சிமெண்டும் மணலும் கலக்கும் கணக்கு அவருக்கு மனப்பாடம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டி, ஓசையைக் கேட்டு, வேகாத கல்லை ஒதுக்கி வைத்தார். கட்டுவதற்கு முன்பு கல்லைத் தண்ணீரில் ஊறவைக்க யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊறாத கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கட்டைப் பலவீனப்படுத்திவிடும் என்ற காரணத்தையும் அவரே நமக்குச் சொன்னார். கொத்தனார் ஒருமுறை டீ குடிக்கப் போனபோது, வைத்த வரிசையில் ஒரு கல் சற்றே வெளியே துருத்திக்கொண்டிருப்பதைக் கண்ணாலேயே கண்டுபிடித்து, பெரியாளிடம் காட்டினார். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாள் சொன்னது சரி.

"கரண்டியை நீங்களே பிடித்தால் என்ன?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "பொம்பளை கட்டின செவுத்துக்கு யாருங்க ஸார் கூலி குடுப்பா?" என்றார்.

இருபது வருஷம் ஒரே தொழிலில் இருந்த ஆண்பிள்ளை சித்தாள் வேலையிலிருந்து பெரியாளாகி, பெரியாளிலிருந்து கொத்தனாராகி, கை கூடினால் மேஸ்திரியும் ஆகிவிடுகிறார். பெண்பிள்ளை சித்தாளாக வந்து சித்தாளாகவே வீடு திரும்புகிறார். இப்போது முகாம் வருகிறது. அவருடைய பெயருக்கு எதிரே 'உதவியாள்' என்று எழுதி, 'உதவியாள் வேலையில் தேர்ச்சி' என்று ஒரு பத்திரம் கொடுத்தால், அது அவருடைய அறிவுக்குக் கிடைத்த அங்கீகாரமா? இருபது வருஷமாக அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குச் சர்க்கார் முத்திரையல்லவா? ஒருவர் பார்க்கும் வேலையை அளப்பது வேறு. அவருக்குத் தெரிந்த வேலையை அளப்பது வேறு. அந்த அம்மாளுக்குக் கண் தேறியிருக்கிறது, கணக்குத் தேறியிருக்கிறது, கை மட்டும் இன்னும் கரண்டியில் பழகவில்லை. அதைச் சோதித்தறிந்து, குறைந்ததை மட்டும் சில வாரங்களில் கற்றுக்கொடுத்து, கொத்தனார் என்ற பத்திரத்தை அளிப்பதே முறை. இத்தகைய குறைநிரப்பும் பயிற்சிக்குத் திட்டத்தில் இடமில்லாமலில்லை. முகாம் நடத்துகிறவர்களுக்கு எத்தனை பத்திரம் என்ற எண்ணிக்கை முக்கியமாகிவிடும்போது, முதலில் விட்டுப்போவது அதுவாகத்தான் இருக்கும்.

* * *

இங்கே நேயர்களில் சிலருக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்திருக்கும். 1953-இல் ராஜாஜி முதன்மந்திரியாயிருந்தபோது, கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று அதை நாடு எதிர்த்தது. அடுத்த வருஷம் காமராஜர் பதவிக்கு வந்து அதைக் கைவிட்டார். கைத்தொழிலைக் கல்வியோடு சேர்ப்பது என்று யார் பேச்செடுத்தாலும் தமிழ்நாட்டில் காதுகள் நிமிர்வதற்கு அதுவே காரணம். 2023-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தை மறு வருஷம் நம் மாநில சர்க்கார் ஏற்க மறுத்ததற்கும், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது.

காந்தியடிகள் 1937 அக்டோபரில் வார்தாவில் கூட்டிய மகாநாட்டில் கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி புகட்ட வேண்டும் என்று சொன்னபோது, தகப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கட்டிவைப்பது அவர் கருத்தன்று. கை வேலை செய்யும்போது மூளையும் வேலை செய்கிறது என்பதே அவர் கண்டது. அதைத்தான் நாம் ஜன்னல் வழியாகக் கண்டோம். ஆகவே சந்தேகப்படுகிறவர்களைக் குறை கூறாமல், அவர்கள் சந்தேகத்தையே உரைகல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். கொத்தனாருக்குக் கொடுக்கும் பத்திரம் அவரைக் கொத்தனாராகவே வைத்திருக்கத்தான் பயன்படுமானால், அது குலக்கல்விக்குப் பின்வாசல். அதைக் காட்டி அவர் பாலிடெக்னிக் வகுப்பிலோ, வேண்டுமானால் அதற்கும் அப்பாலோ நுழைய முடியுமானால், அது வேறு சமாசாரம்.

நுழைய முடிகிறதா? இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

1986-ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கை, பட்டத்தையும் உத்தியோகத்தையும் கட்டியிருக்கும் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று பேசிற்று. திறந்த பல்கலைக்கழகங்களை ஆதரித்தது. பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்கள் ஓர் ஆரம்பப் பரீட்சை எழுதிவிட்டு அவற்றில் பட்டப் படிப்பில் சேரலாம் என்று கதவைத் திறந்தார்கள். பஸ் கண்டக்டர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் மில் தொழிலாளிகளும் இரவில் விழித்துப் படித்துப் பட்டம் வாங்கினார்கள். 2009-இல் நம் மாநில சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாகத் தேறாமல் திறந்த பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் சர்க்கார் உத்தியோகத்துக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்பது அதன் சாரம். தரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பட்டம் கொடுத்தது சட்டப்படி அமைந்த சர்வகலாசாலை. ஒரு வாசலில் 'வா' என்று அழைத்து உட்கார வைத்துவிட்டு, இலை போடும்போது 'நீ எந்த வாசல் வழியாக வந்தாய்?' என்று கேட்பது எந்த ஊர் விருந்தோம்பல்?

பிரெஞ்சு தேசத்தில் இந்தக் கேள்வி எழ இடமில்லாமல் செய்திருக்கிறார்கள். அங்கே 1934-லேயே ஒரு சட்டம், காலேஜில் படிக்காமல் தொழிற்சாலையில் பழகித் தேர்ந்தவருக்கு, பரீட்சையின் பேரில் எஞ்சினீயர் பட்டம் கொடுக்க வழி செய்தது. 2002 ஜனவரியில் இன்னொரு சட்டம் அதை ஏறக்குறைய எல்லாத் தொழில்களுக்கும், எல்லாப் பட்டங்களுக்கும் விரித்தது. தொழிலாளி தாம் செய்த வேலைகளையெல்லாம் விவரமாக எழுதிக்கொண்டு ஒரு குழுவின் முன்பு போகிறார். அந்தக் குழுவில் ஆசிரியர்களோடு தொழில் தெரிந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்கிறார்கள், சில தொழில்களில் செய்து காட்டவும் சொல்கிறார்கள். முழுப் பட்டத்தையும் கொடுக்கலாம்; ஒரு பகுதியைக் கொடுத்து, மீதியைக் கற்றுவரச் சொல்லலாம்; இல்லையென்றும் சொல்லலாம். கொடுத்துவிட்டால், அது வகுப்பில் உட்கார்ந்து படித்தவர் வாங்கும் அதே பட்டம். இரண்டாந்தரப் பத்திரம் என்று தனியாக ஒன்று கிடையாது. அந்த முறையிலும் குறைகள் உண்டு. அநுபவத்தை எழுதிக் காட்டுவதே பலருக்கு அநுபவத்தைவிடக் கஷ்டமாயிருக்கிறது. பாதி வழியில் விட்டுப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் பட்டம் ஒன்றே என்ற தத்துவத்தில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நிறவெறி ஆட்சியில் பள்ளிக்கூடத்தின் பலனைக் கறுப்பர்களுக்கு மறுத்து வந்த தென்னாப்பிரிக்காவும், விடுதலைக்குப் பின் 1995-இல் தேசியத் தகுதிச் சட்டம் செய்தபோது, தொழிலாளிகளுக்கு இந்த நியாயத்தையே வாக்களித்தது.

நம் தேசத்திலும் வாசல் சரியாகத் திறந்த சம்பவம் ஒன்று உண்டு. லாரி, பஸ் முதலியவற்றை ஓட்ட லைசென்ஸ் வேண்டுமானால் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மோட்டார் விதிகள் கூறின. வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக் கூடியவர்கள் அந்த ஒரு காகிதத்துக்காகத் தனித்தேர்வு எழுதக் காத்துக் கிடந்தார்கள். குறுக்கு வழி தேடியவர்களும் உண்டு. 2019-இல் மத்திய சர்க்கார் அந்த நிபந்தனையை நீக்க முடிவு செய்தது. ஓட்டத் தெரியுமா என்பதை ஓட்டச் சொல்லித்தானே பார்க்க வேண்டும்?

எல்லாத் தொழிலுக்கும் இதே அளவுகோலா என்று கேட்கலாம். வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். பரம்பரையாக வைத்தியம் செய்கிறோம் என்பதற்காக, அங்கீகரித்த படிப்பில்லாமல் தொழில் நடத்த உரிமை கிடையாது என்று 2018 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நாமும் நமது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், சோதிக்கப்படாத கையில் ஒப்படைக்கத் தயங்குவோம். ஆனால் சோதிக்காமல் நம்புவது வேறு, சோதித்துப் பார்க்கவே மறுப்பது வேறு. சோதனை கடினமாயிருக்கட்டும், உயிர் சம்பந்தப்பட்ட தொழிலில் மிகக் கடினமாகவே இருக்கட்டும். நாம் வேண்டுவது சலுகை மதிப்பெண் அல்ல.

கடைசியாக ஒரு கணக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கணக்கு வாத்தியாரின் தொழில் வியாதி. 2023 ஏப்ரலில் தேசிய கிரெடிட் சட்டகம் என்று ஒன்று வெளியிட்டார்கள். 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். வருஷத்துக்கு 1,200 மணி, ஆக 40 கிரெடிட். பள்ளிப் படிப்பு, தொழிற் படிப்பு, காலேஜ் படிப்பு மூன்றையும் ஒரே நாணயத்தில் மாற்றி, பாங்கியில் பணம் போடுவது போல் அவரவர் கணக்கில் சேர்த்து வைக்கலாம். அநுபவத்துக்கும் மதிப்பு உண்டு. ஒரு படிப்பில் பெற்ற கிரெடிட்டை, அந்தத் தொழிலில் ஏழு வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு இரண்டால் பெருக்கலாம். இதைப் படித்தபோது உண்மையிலேயே உற்சாகம் உண்டாயிற்று. உடனே கொத்தனாரின் ஞாபகமும் வந்தது. அவர் கணக்கில் பாங்கியில் இருப்பது பூஜ்யம். பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினாலும் இருநூறால் பெருக்கினாலும் என்ன வரும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆகையால் அந்த முதல் கிரெடிட்டை அவர் கணக்கில் போட வேண்டியது முன் கற்றலைச் சோதிக்கும் பரீட்சைதான். அந்தப் பரீட்சை ஒன்றரை நாள் சடங்காகப் போய்விட்டால், அதன் மேல் கட்டிய பெருக்கல் கணக்கெல்லாம் அஸ்திவாரமில்லாத மதில்.

நல்ல பரீட்சை நடத்த முடியாது என்பதுமில்லை. தமிழிலேயே கேட்க வேண்டும். எழுதச் சொல்லாமல் பேசச் சொல்ல வேண்டும். செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்களில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் தலை நரைத்தவர்களாக இருக்க வேண்டும். அன்றைய கூலியை முழுவதும் கொடுத்துவிட வேண்டும். முகாம் தேடி அலையவிடாமல், அருகிலுள்ள ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ வருஷம் முழுவதும் அதற்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். அங்கே கிடைத்த பத்திரத்தைக் காட்டினால், அடுத்த படிப்புக்கான வாசலில் யாரும் மூன்றாங் கிளாஸைப் பற்றிக் கேட்கக் கூடாது.

மதில் வேலை முடிவதற்குள் நாம் ஒரு காரியம் செய்தோம். தலைமை ஆசிரியரிடம் அநுமதி பெற்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, கொத்தனாரையே மூலை எடுத்துக் காட்டச் சொன்னோம். முதலில் கூச்சப்பட்டார். நூலைக் கையில் எடுத்ததும் கூச்சம் போயிற்று. 3, 4, 5 போதாத பெரிய கட்டிடமானால் 6, 8, 10 என்று பிடிக்க வேண்டும், சிறிய அளவில் பிடித்தால் தூரத்தில் போகப் போகப் பிசகு பெரிதாகும் என்று அவர் சொன்னபோது, பின் வரிசைப் பையன் ஒருவன், "ஏன் ஸார், அதுவும் அதே மடங்குதானே?" என்று கேட்டான். அவன் அந்த வருஷத்தில் கேட்ட முதல் கேள்வி அது.

பாடம் முடிந்ததும் கொத்தனாருக்கு அன்றைய பொழுதுக்குச் சிறு தொகை கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. வெளியிலிருந்து வந்து வகுப்பெடுப்பவர்களுக்கென்று ஒரு படிவம் உண்டு. பெயர், ஊர், கையொப்பம் எல்லாம் பூர்த்தியாயிற்று. நடுவில் 'கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று நாம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தோம். ஆபீஸ் குமாஸ்தா அவசரப்பட்டார். கொத்தனார் நம் கையிலிருந்த பேனாவை மரியாதையாக வாங்கி, எழுத்துக் கூட்டி, 'மூன்றாம் வகுப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கரண்டியைக் கழுவப் போனார்.